உயரமான கூரை, தாழ்ந்த விளக்கு

(நூற்றாண்டு ஆண்டின் மாலை ஒன்றுகூடலில், பாடசாலை மண்டபத்தில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



"உயரமான அறைகளுக்கு இதமான வெளிச்சம்" என்ற தலைப்பைச் செயலாளர் எனக்குத் தந்தபோது, இதைக் கேட்க யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தேன். இன்று மண்டபம் நிறைந்திருக்கிறது. காரணம் என் பேச்சு அல்ல என்று எனக்குத் தெரியும். இந்த மண்டபத்துக்கு என்ன விளக்குப் போடுவது என்பதில் சங்கத்துக்குள் நான்கு மாதமாக நடக்கும் வாக்குவாதம்தான் காரணம். வட்ஸ்அப்பில் நடந்ததை நான் இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை. எல்லோரும் நல்ல மனதோடுதான் எழுதினார்கள், சிலர் நள்ளிரவுக்குப் பிறகும் எழுதினார்கள்.

நான் பேராதனையில் மின்பொறியியல் படித்தவள். வேலை செய்த காலத்தில் பெரும்பகுதி கட்டடங்களுக்கு வெளிச்சம் அமைப்பதிலேயே போனது. அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு எங்கே உடைந்தது என்பதைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும்.

எங்கள் வீடு அம்பிட்டியப் பக்கம். சுதந்திரத்துக்கு முன் கட்டியது. முன் அறையில் நிலத்திலிருந்து சீலிங் பலகை வரை 14 அடி. அங்கே பல வருடங்களாக இரண்டு ரியூப் லைட்கள் சுவரின் உச்சியில் எரிந்தன. ஓய்வு பெற்றதும் நான் செய்த முதல் வேலை அவற்றைக் கழற்றியதுதான். பதிலாகச் சுவரில் ஐந்து வாற் மஞ்சள் விளக்குகள், அவற்றுக்குத் தேன் நிறக் கண்ணாடி. பின்னேரம் அவற்றைப் போட்டால் அறை ஒரு பழைய ஹோட்டல் போல இருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் படம் எடுத்தார்கள். அம்மாவுக்கு அப்போது 83 வயது, அவரும் இந்தப் பாடசாலையில் படித்தவர்தான். "நல்லாத்தான் இருக்கு, மகள்" என்றார்.

ஒரு மாதம் போயிருக்கும். ஓர் இரவு தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனேன். அம்மா அங்கே வாங்கில் உட்கார்ந்து வீரகேசரி வாசித்துக்கொண்டிருந்தார். குசினியில் பழைய ரியூப் லைட் அப்படியே இருந்தது. "ஏன் அம்மா இங்கே?" என்று கேட்டேன். "இங்கேதான் எழுத்துத் தெரியுது" என்றார். ஒரு மாதமாக ஒவ்வோர் இரவும் அப்படித்தான் என்று பிறகு தெரிந்தது. தன் கதிரையை, தன் முன் அறையை, எனக்கு ஒரு சொல்லும் சொல்லாமல் விட்டுக்கொடுத்திருந்தார். மகள் ஆசையாகச் செய்த வேலை அல்லவா.

என் தவறு என்ன? மஞ்சள் வெளிச்சம் வேண்டும் என்பதில் தவறில்லை. மஞ்சள் என்றால் மங்கலாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்ததுதான் தவறு. நிறம் வேறு, அளவு வேறு. குமிழ்ப் பெட்டியில் இரண்டும் தனித்தனியாக அச்சிடப்பட்டிருக்கும். நாங்கள் வாற்றை மட்டும் பார்த்து வாங்கிப் பழகிவிட்டோம்.

நிறத்தைச் சொல்வது கெல்வின். இதில் ஒரு குழப்பம் இருக்கிறது: எண் குறையக் குறைய வெளிச்சம் மஞ்சளாகும். மெழுகுதிரிச் சுடர் 1900 அளவில் இருக்கும். எங்கள் காலத்துப் பழைய இழைக் குமிழ் 2700. கடையில் "வார்ம் வைட்" என்று தருவது 2700 அல்லது 3000. "டேலைட்" என்பது 6500, அதாவது மேகம் மூடிய பகல் வானத்தின் நிறம். வெளிச்சத்தின் அளவைச் சொல்வது லூமன். பழைய 60 வாற் குமிழ் ஏறக்குறைய 800 லூமன் தந்தது. இன்று ஒன்பது வாற் எல்.ஈ.டி. அதையே தருகிறது. 2700 கெல்வினில் 800 லூமன் குமிழும் உண்டு, 200 லூமன் குமிழும் உண்டு. நான் அம்மாவுக்குப் போட்டது அந்த இரண்டாவது ரகம், அதையும் தேன் நிறக் கண்ணாடிக்குள் அடைத்து வைத்தேன். இருபது வயதில் கண்ணுக்குள் போகிற வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேர்கிறது என்பது நான் பரீட்சைக்குப் படித்த விஷயம். வீட்டில் மறந்துவிட்டேன்.

அடுத்தது உயரம். ஒன்பது அடி சீலிங் உள்ள புது வீட்டில் ஒரு குமிழை மேலே மாட்டினால், இரண்டரை அடி உயர மேசைக்கும் அதற்கும் இடையே ஆறரை அடி. 14 அடி வீட்டில் அதே இடைவெளி பதினொன்றரை அடி. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகும் என்று விஞ்ஞானப் பாடத்தில் எங்களை மனப்பாடம் செய்ய வைத்தார்களே, அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அதே குமிழ் மேசையில் தருவது மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம்தான். இதற்குப் பெரும்பாலானவர்கள் செய்வது, மூன்று மடங்கு பெரிய குமிழைப் போடுவது. மேலே கண் கூசுகிறது, முகங்களில் கண்குழி கறுத்து விழுகிறது, மேசை இன்னும் மங்கல். பிறகு வெள்ளையாக இருந்தால் "கூட வெளிச்சம்" என்று 6500 வாங்குகிறார்கள். கண்டியில் பழைய வீடுகளைத் தங்குமிடமாக்கிய பலர் செய்திருப்பது இதைத்தான். மழைக்காலப் பின்னேரம் அந்த அறைகளுக்குள் போனால் மருந்துச்சாலைக்குள் போனது போல இருக்கும்.

குமிழை மேலே வைத்துக்கொண்டு போராடுவதை விட, கீழே இறக்கிவிடலாம். நிலத்திலிருந்து ஏழு அடி உயரத்தில் தொங்கவிட்டால் மேசைக்கு நாலரை அடிதான். அதே குமிழ், ஆறு மடங்குக்கு மேல் வெளிச்சம். சாப்பாட்டு மேசைக்கு மேலே என்றால் இன்னும் இறக்கலாம், மேசைப் பலகையிலிருந்து இரண்டரை, மூன்று அடி போதும்.

இது புதிய ஞானம் ஒன்றும் இல்லை. கோயிலில் தூண்டாமணி விளக்கு எங்கே தொங்குகிறது? மண்டபம் எவ்வளவு உயரமாக இருந்தாலும் சங்கிலியில் இறங்கி, ஆள் எண்ணெய் விடக்கூடிய உயரத்துக்கு வந்து நிற்கிறது. பழைய பங்களாக்களில் சில விளக்குகளுக்குக் கப்பியும் எதிர்ப்பாரமும் இருந்தன; வேண்டியபோது இறக்கி, துடைத்து, ஏற்றினார்கள். சீலிங்கை உயர்த்திக் கட்டியது சூடான காற்று மேலே போவதற்கு. வெளிச்சத்தையும் அங்கே கொண்டுபோய் ஒட்டியவர்கள் பின்னால் வந்த நாங்கள்தான்.

பெரஹராவை நினைத்துப் பாருங்கள். சிறுவயதில் நடைபாதையில் பாய் போட்டு உட்கார்ந்து பார்த்த எல்லோருக்கும் தெரியும். இரும்புக் கூட்டில் கொப்பரா எரியும் பந்தங்களை நடனக்காரர்களுக்குப் பக்கத்திலேயே தூக்கிக்கொண்டு நடப்பார்கள். சுடர் நிற்பது ஆள் உயரத்துக்குச் சற்று மேலே. அதனால்தான் நடனக்காரரின் நெற்றி வியர்வையும் யானையின் காதுப் புள்ளிகளும் அவ்வளவு துலக்கமாகத் தெரிகின்றன. மேலே வானம் கறுப்பாகத்தான் இருக்கிறது. அதை யாரும் குறை சொன்னதில்லை.

தலதா மாளிகைக்குப் பக்கத்தில் மகுல் மடுவ இருக்கிறது. 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான அரச சபை மண்டபம். செதுக்கிய மரத்தூண்கள், சுவர் இல்லை, மேலே கறுத்த மரக்கூரை. பகலில் அங்கே நின்று பாருங்கள். வெளிச்சம் பக்கங்களால் தாழ்வாக வந்து, நிலத்தில் பட்டு, முகத்துக்கு எழும்புகிறது. கூரை நிழலிலேயே இருக்கிறது. அந்த நிழல்தான் அந்த இடத்துக்கு மரியாதை. அதைப் பார்த்துக் கட்டிய திரித்துவக் கல்லூரித் தேவாலயத்திலும் இதே விதம்தான்.

இனி எங்கள் மண்டபத்துக்கு வருகிறேன். கூரை உச்சி 22 அடி. கைமரங்கள் கறுத்த மரம். சங்கத்தின் முன் இருக்கும் திட்டம் பத்து அடியில் ஒரு புதுச் சீலிங், அதற்குள் 6500 கெல்வின் சதுரப் பனல்கள். இந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். செலவு குறைவு. வௌவால் எச்சம் விழாது. குமிழ் மாற்ற ஏணி தேடத் தேவையில்லை. முக்கியமாக, இங்கே சாதாரண தரப் பரீட்சை நடக்கிறது. பிள்ளைகளுக்கு எழுத வெளிச்சம் வேண்டும். மேசையில் 300 லக்ஸ் என்பது வகுப்பறைக்கான அளவு. போன மாதம் நான் மீற்றர் கொண்டுவந்து அளந்தேன். பின்வரிசையில் 90 இருந்தது. இதில் எழுதித்தான் நாங்கள் எல்லோரும் பாஸ் பண்ணினோம் என்று பெருமை பேசலாம், ஆனால் அது நியாயமில்லை.

எனக்குள்ள மறுப்பு இதுதான். பத்து அடியில் மூடினால் சுவரின் உச்சியில் உள்ள காற்றுத் துவாரங்கள் எல்லாம் மூடிய பக்கத்துக்குப் போய்விடும். ஏப்ரலில் முன்னூறு பிள்ளைகள் இங்கே உட்கார்ந்தால் என்ன ஆகும்? வௌவால் போகாது, கண்ணுக்குத் தெரியாமல் மேலே குடியிருக்கும். ஓடு ஒழுகினாலும் சீலிங்கில் கறை வரும் வரை தெரியாது, அதற்குள் கைமரம் உளுத்துவிடும். இவற்றை விட, முதலாம் வகுப்பில் இந்தக் கதவால் நுழைந்த அன்று நாங்கள் ஒவ்வொருவரும் செய்தது அண்ணாந்து பார்த்ததுதான். இனி வரும் பிள்ளைக்கு அது இல்லாமல் போகும்.

என் யோசனை, ஒரே மண்டபத்துக்கு இரண்டு சுற்று. ஒன்று பரீட்சைக்கும் பகல் வேலைக்கும்: 4000 கெல்வினில் நீள விளக்குகள், கம்பியில் பத்து அடிக்கு இறக்கி, வரிசை வரிசையாக. மற்றது மாலைக் கூட்டத்துக்கும் நாடகத்துக்கும் பிரார்த்தனைக்கும்: 2700 கெல்வின் தொங்கு விளக்குகள். இவை எட்டு அடியில் நிற்கும், கப்பியில் இறங்கும், அதனால் துடைக்க ஏணி வேண்டாம். கைமரத்தை நோக்கி மேலே வெளிச்சம் அடிக்க வேண்டும் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். வெள்ளை அடித்த சீலிங் என்றால் அது மிக நல்லது, வெளிச்சம் திரும்பி மெதுவாக இறங்கும். கறுத்த மரம் அதை விழுங்கிவிடும். குகை போலத் தோன்றாமல் இருக்க இரண்டு மூன்று சிறு விளக்குகள் போதும். பணத்தை மேலே எறிய வேண்டாம்.

வீட்டுக்கு எடுத்துப் போகச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன், பல பேர் முன்கூட்டியே கேட்டிருந்தீர்கள். பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் இருக்கும். 90க்கு மேல் உள்ளதைத் தேடுங்கள். 80 உள்ள மலிவுக் குமிழில் சிவப்பு செத்துப்போகும். கூறைச் சேலை மண் நிறமாகும், பீட்ரூட் கறி பழசு போல இருக்கும், அம்மாவின் இளஞ்சிவப்பு மாத்திரையும் வெள்ளை மாத்திரையும் ஒன்றாகத் தெரியும். பழைய டிம்மரில் புது எல்.ஈ.டி.யைப் போட்டால் துடிக்கும், அதற்கென்று வருவதை வாங்குங்கள். காற்றுப் போகாத கண்ணாடி உருண்டைக்குள் எல்.ஈ.டி. சூடேறிச் சீக்கிரம் சாகும். ஏப்ரலிலும் ஐப்பசி கார்த்திகையிலும் கண்டியில் இடி மின்னல் எப்படி என்று தெரியும்தானே, மின்பலகையில் ஒரு மின்னல் காப்பான் இல்லாவிட்டால் ஓர் இரவில் எல்லாம் போகும். ஈசல் காலத்துக்கு ஒரு நல்ல செய்தி: வெள்ளையை விட மஞ்சளுக்கு அவை குறைவாகவே வரும். பழைய வீட்டில் ரப்பர் உறை வயர் இன்னும் இருந்தால் குமிழைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், முதலில் வயரிங்கை மாற்றுங்கள். ரொரன்ரோவிலும் லண்டனிலும் இருந்துகொண்டு அம்மா அப்பாவின் வீட்டுக்கு அழகான விளக்கு அனுப்பும் தங்கைமார், அனுப்பும் முன் அவர்கள் இரவில் எந்தக் கதிரையில் உட்காருகிறார்கள் என்று ஒரு தடவை கேளுங்கள்.

எங்கள் வீட்டில் சுவர் விளக்குகள் இன்னும் இருக்கின்றன, கண்ணாடியை மட்டும் வெள்ளையாக்கினேன். அம்மாவின் கதிரைக்குப் பின்னால், இடது தோளுக்கு மேலே, ஒரு நிலை விளக்கு வைத்தேன். 2700 கெல்வின், 800 லூமன். அன்றிரவு பத்திரிகையோடு அவர் குசினியை விட்டு வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. மரண அறிவித்தல் பக்கத்தை முழுதாக வாசித்து முடித்துவிட்டுத்தான் எழும்பினார்.

பேச்சுப் போதும். இடது பக்கத் தூண்களுக்கு இடையே நேற்று நாங்கள் நாலு மாதிரி விளக்குகளை இறக்கிக் கட்டியிருக்கிறோம். வலது பக்கத்தில் திட்டத்தில் உள்ள பனல்கள் நாலு, கம்பியில் பத்து அடிக்கு. இப்போது மற்ற எல்லா விளக்கையும் அணைக்கச் சொல்கிறேன், யாரும் பயப்பட வேண்டாம். முதலில் வலது பக்கம், பிறகு இடது பக்கம். மேலே பார்க்காதீர்கள், பக்கத்தில் இருக்கும் சிநேகிதியின் முகத்தைப் பாருங்கள். கையில் உள்ள நிகழ்ச்சி நிரலை இரண்டு வெளிச்சத்திலும் வாசித்தும் பாருங்கள், குறிப்பாக அறுபதைத் தாண்டியவர்கள். வாசிக்க முடியாவிட்டால் நான் சொன்னது எல்லாம் வீண், அதையும் எழுதுங்கள். தேநீர் மேசையில் தாளும் பெட்டியும் இருக்கின்றன.

தம்பி, சுவிட்சை அணையுங்கோ.