கீரைக் கட்டும் சட்டப் பாதுகாப்பும்

(ஓர் உரையின் வாசகம்)

ஹைதராபாத்தின் ஏ.எஸ்.ராவ் நகர், 1967இல் தொடங்கப்பட்ட இந்திய மின்னணுக் கழகத்தின் நிறுவனர் டாக்டர் ஏ.எஸ்.ராவின் பெயரைத் தாங்கிய குடியிருப்பாகும். அங்கு தெருவோரத்தில் விற்கும் பாலக், புளிச்சக்கீரை, கொத்தமல்லிக் கட்டுகளுக்குப் பெயர்ச் சீட்டு இல்லை, ரசீதும் இல்லை. அவை எந்தத் தோட்டத்தில் விளைந்தன, எந்த நீரில் கழுவப்பட்டன என்று வாங்குபவர் அறிய வழியில்லை. நோய் கண்டால் யாரிடம் ஈடு கேட்பது என்ற வினா இங்குதான் எழுகிறது.

நோய் வரும் வழி

சமைக்கும்போது கிருமிகள் பெரும்பாலும் மடிகின்றன. பச்சடிக்கும் மேலே தூவும் கொத்தமல்லிக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. மூசி ஆற்றின் கீழ்ப்பகுதியில் கழிவுநீர்ப் பாசனத்தில் தீவனப் புல், நெல் ஆகியவற்றோடு கீரையும் பயிரிடப்பட்டதை ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. எனினும் பழி முழுவதையும் விவசாயி மீது சுமத்துவது முறையன்று. பாகிஸ்தானின் பைசலாபாத்தில் நடந்து 2007இல் வெளியான ஆய்வு, வயலில் பறித்த காய்கறிகளைவிடச் சந்தைக்கு வந்தவற்றிலேயே மாசு மிகுந்திருந்ததைக் காட்டியது.

2006இல் அமெரிக்காவில் பையில் அடைத்து விற்ற பசலைக்கீரையால் சுமார் 200 பேர் நோயுற்றனர், மூவர் இறந்தனர். பையில் இருந்த தொகுதி எண், அதிகாரிகளைக் கலிபோர்னியாவின் வயல்வரை இட்டுச் சென்றது. நமது கீரைக் கட்டில் அத்தகைய எண் ஏதும் இல்லை.

சட்டம் தரும் உரிமைகள்

1954ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டத்திற்குப் பதிலாக வந்த 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அதன் 65ஆம் பிரிவின்படி, உணவால் மரணம் நேர்ந்தால் 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாமலும், கொடுங்காயத்திற்கு 3 லட்சம் வரையிலும், ஏனைய பாதிப்புகளுக்கு 1 லட்சம் வரையிலும் இழப்பீடு வழங்க ஆணையிடலாம். ஆனால் விவசாயியும் அவரது வயல் விளைபொருளும் இச்சட்டத்தின் வரம்புக்கு அப்பாற்பட்டவை. வேறொருவர் கைக்கு மாறிய பின்னரே கீரை சட்டத்தின் பார்வையில் உணவாகிறது.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மற்றொரு வழி. பாதிக்கப்பட்டவர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். ஒரே காரணத்தால் பாதிக்கப்பட்ட பலர், ஆணையத்தின் அனுமதியுடன் கூட்டாகவும் முறையிடலாம். உற்பத்தியாளர் யாரெனத் தெரியாத பொருளுக்கு விற்றவரே பொறுப்பாக்கப்படலாம் என்பது 86ஆம் பிரிவு. பேரங்காடிக்கும் உணவகத்திற்கும் இது பொருத்தமே. கூடையில் கீரை விற்கும் மூதாட்டியிடம் ஈடாகப் பெறுவதற்கு என்ன இருக்கிறது?

சான்றே அடிப்படை

வழக்கு பெரும்பாலும் தோற்பது சட்டத்தின் குறையால் அன்று, சான்றின் குறையால்தான். நோய் வெளிப்படுவதற்குள் கீரை உண்டு தீர்ந்துவிடுகிறது. ஆதலால் எஞ்சிய உணவைக் குளிர்ப்பெட்டியில் பாதுகாத்தல், மருந்து உட்கொள்ளுமுன் மலப் பரிசோதனை, மருத்துவரின் எழுத்துச் சான்று, உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு உடன் தகவல் ஆகியவை இன்றியமையாதவை. கட்டணம் செலுத்தி உணவை ஆய்வு செய்விக்கும் உரிமையை 40ஆம் பிரிவு வாங்கியவருக்கே அளிக்கிறது. குறை நிரூபணமானால் கட்டணம் திருப்பித் தரப்படும்.

செய்ய வேண்டியது

இழப்பீடு நோய்க்குப் பின் வருவது. தூய நீர் நோயைத் தடுப்பது. 1999இல் தொடங்கிய ரைத்து பஜார்களில் விவசாயிகளுக்கு அடையாள அட்டை வழங்கும் முறை உண்டு. அதைக் கீரைக் கட்டுவரை நீட்டிப்பதும், சந்தைகளில் கழுவுவதற்கு நல்ல குழாய் நீர் தருவதும் பெரும் செலவுள்ள பணிகள் அல்ல. இவை நிறைவேறினால் உண்பவருக்கு நீதி கிட்டும். பயிரிடுபவரும் விற்பவரும் வீண்பழியிலிருந்து காக்கப்படுவர்.