குறையிலும் ஒளி உண்டு
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



கூடிச் சிரிக்க வந்த இடத்தில் இயற்பியலா என்று சிலர் முணுமுணுப்பது கேட்கிறது. பயப்படாதீங்க, உப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

நம்ம வாலிநோக்கம் உப்பளத்து உப்பு வெள்ளை. ஒரு உப்புப் படிகத்தின் மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால் மஞ்சள் கலந்த பழுப்பாகிவிடும். சாயம் எதுவும் சேர்க்கவில்லை. நிறம் எப்படி வந்தது? குளோரின் அயனி இருக்க வேண்டிய இடம் காலியாகி, அங்கே ஓர் எலெக்ட்ரான் குடியேறிவிடுகிறது. அது நீல ஒளியை விழுங்கிவிடும். மிச்ச ஒளிதான் நாம் காணும் நிறம். இதற்கு நிற மையம் என்று பெயர்.

வைரத்திலும் இதே கதைதான். ஒரு கார்பன் அணுவின் இடத்தில் நைட்ரஜன் அமர்ந்து, அடுத்த இடம் காலியாக இருந்தால், பச்சை லேசர் பட்டதும் அது சிவப்பாக ஒளிரும். இப்படிப்பட்ட குறை ஒன்றே ஒன்றைத் தனியாக 1997இல் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரில் பார்த்தார்கள். ஒன்றுதான் என்பதற்கு என்ன சாட்சி? ஒற்றைக் குறை ஒரு நேரத்தில் ஓர் ஒளித்துகளைத்தான் வெளிவிடும். ஒளியைப் பிரித்து இரண்டு கருவிகளுக்கு அனுப்பினால், இரண்டும் ஒரே கணத்தில் துடிக்காது. 2000இல் இதையும் செய்து காட்டினார்கள். அதன் எலெக்ட்ரான் தற்சுழற்சியை நுண்ணலையால் மாற்றி, ஒளி கூடுவதையும் குறைவதையும் வைத்தே படித்துவிடலாம். அதுவும் சாதாரண அறை வெப்பத்தில். நுண்ணிய காந்தப்புலத்தை அளக்கவும், குவாண்டம் செய்தியைத் தாங்கவும் இது பயன்படுகிறது.

வைரத்தின் ஒளிர்வை ஆராய்ந்த முன்னோடி ஒருவர் நம் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர்: அன்னா மணி. 1940 முதல் பெங்களூரில் சர் சி.வி.ராமனின் ஆய்வுக்கூடத்தில் உழைத்தார். ஒரு நிறமாலையைத் தகட்டில் பதிக்கவே 15, 20 மணி நேரம் ஆகும். 1945இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேட்டைக் கொடுத்தார். எம்.எஸ்ஸி. இல்லை என்று டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது. அம்மையார் முடங்கிவிடவில்லை. வானிலைத் துறையில் சேர்ந்து, துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்து, 1976இல் ஓய்வு பெற்றார்.

2023இல் மத்திய அரசு சுமார் 6,000 கோடி ரூபாயில் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. சென்னை ஐ.ஐ.டி. அதன் ஒரு மையம். ராமேஸ்வரத்திலும் தொண்டியிலும் படிக்கும் பிள்ளைகளுக்கு இது தூரத்துச் செய்தியாகவே நின்றுவிடலாமா?

பழைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விழாச் செலவில் மிச்சப்படுவதை இயற்பியல் ஆய்வகத்துக்குக் கொடுப்போம். நல்ல நிறமாலைமானி ஒன்று வாங்கலாம். தம்பி தங்கைகளே, அதைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்க விடாதீர்கள். கேட்டு வாங்கிப் பாருங்கள்.