குருதிக் கொழுப்பும் குடும்ப மரபும்: ஆய்வுகூடம் காட்டிய உண்மை



புலம்பெயர்ந்த தமிழரின் மரண வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "தகப்பனும் ஐம்பது வயதில்தான் போனவர், மகனும் அதே வயதில் போய்விட்டார். எல்லாம் விதி." இந்த விதி என்ற சொல்லுக்குள் மறைந்து கிடப்பது என்ன என்பதை, கடந்த எழுபது ஆண்டுகளில் ஆய்வாளர் சிலர் சிறிது சிறிதாகப் பிரித்தெடுத்துக் காட்டியுள்ளனர். அதில் ஒரு பகுதி இன்று அளந்தறியக் கூடியது. மருந்தால் மாற்றக் கூடியதும் ஆகும்.

இது வீண் அச்சமன்று. கனடாவின் ஹமில்ரன் நகரிலுள்ள மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தின் தலைமையில், 52 நாடுகளில் மாரடைப்பு நோயாளரை ஆராய்ந்த பேராய்வு 2004ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் தரவுகளின்படி முதல் மாரடைப்பு வரும் நடுவயது தெற்காசிய நாடுகளில் 53. ஏனைய நாடுகளில் ஏறத்தாழ 59. புகைத்தல், நீரிழிவு, உயர் குருதி அழுத்தம் ஆகியவற்றோடு, குருதியிலுள்ள கொழுப்புப்புரதங்களின் சமநிலைக் குலைவும் முதன்மைக் காரணங்களுள் ஒன்றாக அதில் இனங்காணப்பட்டது.

கொழுப்புப்புரதம் என்பது என்ன? கொலஸ்திரோல் நீரில் கரையாதது. குருதியோ பெரும்பாலும் நீர். ஆகவே உடல் கொழுப்பைப் புரதத்தால் பொதி செய்து, நுண்ணிய உருண்டைகளாகக் குருதியில் அனுப்புகிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் புளூட்டோனியத்தைப் பிரித்தெடுக்கும் பணியில் ஈடுபட்ட ஜோன் கோஃப்மன், போர் முடிந்தபின் பேர்க்லி நகரில் மீவேகச் சுழற்பொறியைக் கொண்டு இவ்வுருண்டைகளை ஆராய்ந்தார். உப்புக் கரைசலில் சுழற்றும்போது ஏனைய புரதங்கள் அடியில் தங்க, கொழுப்பேறிய உருண்டைகள் தத்தம் அடர்த்திக்கேற்ப மேலே மிதந்தன. 1950இல் அவர் வெளியிட்ட கட்டுரை, அவற்றுள் சிலவகை உருண்டைகளை நாடிநோயோடு தொடர்புபடுத்தியது. குருதிப் பரிசோதனைத் தாளில் காணப்படும் எல்.டி.எல்., எச்.டி.எல். என்னும் பெயர்கள் அடர்த்தியைக் குறிப்பது இதனாலேயே. 'கெட்ட கொழுப்பு', 'நல்ல கொழுப்பு' என்ற பட்டங்கள் பின்னர் வந்தவை. விளக்குவதைக் காட்டிலும் மயக்குபவை.

எனினும், எல்.டி.எல். சிலரது குருதியில் மட்டும் ஏன் குவிகிறது என்ற வினாவுக்குச் சுழற்பொறி விடை தரவில்லை. அவ்விடை டெக்சாஸ் மாநிலத்தின் டலஸ் நகரிலிருந்து வந்தது. மைக்கேல் பிரவுண், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்னும் இளம் வைத்தியர் இருவர், பரம்பரைக் கொலஸ்திரோல் மிகைநோய் கொண்ட பிள்ளைகளின் தோற்கலங்களைக் கண்ணாடிக் கிண்ணங்களில் வளர்த்தனர். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணுவைப் பெற்ற பிள்ளைகள் அவர்கள். சிறுவயதிலேயே மாரடைப்புக்கு ஆளாகும் இப்பிள்ளைகள் உண்ணும் உணவில் குற்றமேதும் இல்லை.

கலம் தனக்கு வேண்டிய கொலஸ்திரோலைத் தானே ஆக்கவும் வல்லது. அதற்கு ஒரு நொதியம் உண்டு. வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மிதவை உயர்ந்ததும் குழாய் தானாக மூடிக்கொள்வது போல, வெளியிலிருந்து எல்.டி.எல். வந்து சேர்ந்ததும் நலமான கலத்தில் அந்நொதியம் அடங்கிவிடுகிறது. நோயுற்ற பிள்ளைகளின் கலத்திலோ, எவ்வளவு எல்.டி.எல். இட்டாலும் அது அடங்கவில்லை. நலமான கலத்தைவிட 40 முதல் 60 மடங்கு வேகத்தில் இயங்கிக் கொண்டே இருந்தது. இது 1973ஆம் ஆண்டு.

நொதியமே பழுதென்று எவரும் எண்ணுவர். அவ்விருவரும் முதலில் அவ்வாறே எண்ணினர். அடுத்து அவர்கள் செய்த சோதனைதான் அழகு. கொலஸ்திரோலை மதுசாரத்தில் கரைத்து, புரதப் பொதி இல்லாமல் நேரே கலத்துக்கு ஊட்டினர். பிள்ளைகளின் கலத்திலும் நொதியம் உடனே அடங்கியது! குழாய் பழுதன்று, மிதவையும் பழுதன்று. தண்ணீர் தொட்டிக்குள் வரவேயில்லை. முற்றத்தில் வெள்ளம் நிற்க, தொட்டி வறண்டிருந்தது. கதிரியக்க அயடீன் ஏற்றிய எல்.டி.எல்.லைக் கொண்டு 1974இல் அவர்கள் இதனை உறுதி செய்தனர். நலமான கலத்தின் மேற்பரப்பில் எல்.டி.எல்.லைப் பற்றி உள்ளிழுக்கும் ஏற்பிகள் இருந்தன. அப்பிள்ளைகளின் கலத்தில் அவை இல்லை. இக்கண்டுபிடிப்புக்காக இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இதே காலத்தில் ரோக்கியோவில் அகிரா எண்டோ என்பவர், அந்த நொதியத்தைத் தடுக்கும் பொருளை நாடி ஏறக்குறைய 6,000 நுண்ணுயிர்களைச் சோதித்து, பெனிசிலியம் வகைப் பூஞ்சணமொன்றில் அதனைக் கண்டெடுத்தார். ஸ்டற்றின் மருந்துகளின் முன்னோடி அதுவே. "மருந்து கொழுப்பைக் கரைக்கிறது" என்று பலர் நம்புகின்றனர், உண்மை வேறு. நொதியம் தடைப்பட்டதும் ஈரற் கலத்தில் கொலஸ்திரோல் குறைகிறது. குறையை நிரப்ப அக்கலம் கூடுதலான ஏற்பிகளை ஆக்கி, குருதியிலிருந்து எல்.டி.எல்.லை இழுத்துக்கொள்கிறது. 1994இல் வெளியான ஸ்கண்டிநேவிய ஆய்வில், இதயநோயுள்ள 4,444 பேரிடையே இம்மருந்து இறப்பை 30 வீதம் குறைத்தமை தெளிவாயிற்று.

ஏற்பியே இல்லாத பிள்ளைகளுக்கு இம்மருந்து அதிகம் உதவுவதில்லை. 1984இல் பிற்ஸ்பேர்க் நகரில் ஆறு வயதுச் சிறுமிக்கு இதயமும் ஈரலும் ஒருங்கே மாற்றப்பட்டன. புதிய ஈரல் கொண்டுவந்த ஏற்பிகளால் அவளுடைய கொலஸ்திரோல் வெகுவாக இறங்கியது. ஏற்பிகளை அழிக்கும் புரதமொன்று 2003இல் கண்டறியப்பட்டு, அதைத் தடுக்கும் ஊசிமருந்துகள் 2015 முதல் பயன்பாட்டிற்கு வந்துள்ளன.

இருவரிடமிருந்தும் பழுதான மரபணுவைப் பெறுவது மிக அரிது. ஒருவரிடமிருந்து மட்டும் பெறுவது அரிதன்று. உலகில் ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு அது உண்டு. அவர்களுள் சிகிச்சை பெறாத ஆண்களில் ஏறக்குறைய பாதிப்பேர் ஐம்பது வயதுக்குள் இதயநோய்க்கு ஆளாகின்றனர். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது கடத்தப்படும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. மெலிந்த உடலும் மரக்கறி உணவும் இதிலிருந்து காப்பதில்லை. மருத்துவர் எடுத்துரைத்தும் "இவன் ஒல்லியான பிள்ளை, இவனுக்கு என்ன கொலஸ்திரோல்?" என்று கேட்கும் தாய்மார் இன்றும் உளர்.

தெற்காசியர் தனியாகக் கவனிக்க வேண்டிய மற்றொன்று எல்.பி. ஏ என்னும் உருண்டை. ஒஸ்லோவில் கோரே பேர்க் 1963இல் இதனைக் கண்டறிந்தார். எல்.டி.எல். போன்ற உருண்டையில் இன்னொரு புரதம் ஒட்டிக்கொண்ட வடிவம் இது. இதன் அளவைப் பெரும்பாலும் மரபணுவே தீர்மானிக்கிறது. உணவும் உடற்பயிற்சியும் அதனைச் சிறிதே மாற்றும். ஐரோப்பியரைவிடத் தெற்காசியரிடம் சராசரி அளவு கூடுதல். வழக்கமான கொலஸ்திரோல் பரிசோதனையில் இது தனியே தெரிவதில்லை. கேட்டுத்தான் பெற வேண்டும். வாழ்நாளில் ஒருமுறையேனும் அளக்குமாறு ஐரோப்பிய இதயவியல் கழகம் 2019இலும் கனேடிய இதயவியலாளர் 2021இலும் பரிந்துரைத்துள்ளனர்.

பரிசோதனைத் தாளைப் படிப்போர் அலகைப் பார்க்க மறக்கலாகாது. கனடாவிலும் பிரித்தானியாவிலும் மில்லிமோல். இலங்கையிலும் இந்தியாவிலும் மில்லிகிராம். கொலஸ்திரோலைப் பொறுத்தவரை லீற்றருக்கு ஒரு மில்லிமோல் என்பது டெசிலீற்றருக்கு ஏறத்தாழ 38.7 மில்லிகிராமுக்குச் சமம். எல்.டி.எல். 4.9 மில்லிமோல், அதாவது 190 மில்லிகிராம், அல்லது அதற்கு மேல் இருப்பின் பரம்பரை நோயை வைத்தியர் ஐயுற வேண்டும்.

அப்போது அவர் கேட்கும் முதற்கேள்வி, குடும்பத்தில் 55 வயதுக்கு முன் ஆண்களுக்கோ 65 வயதுக்கு முன் பெண்களுக்கோ மாரடைப்பு வந்ததா என்பதாகும். இங்கு பிறந்த பிள்ளைக்கு விடை தெரியாது. போரிலும் இடப்பெயர்விலும் மருத்துவக் குறிப்புகள் தொலைந்துபோன குடும்பங்கள் ஏராளம். பெரியப்பா எத்தனை வயதில், எதனால் இறந்தார் என்பது மூத்தோர் நினைவில் மட்டுமே உள்ளது. தெரிந்தவர்களோ, கலியாணப் பேச்சுக் குழம்பிவிடும் என்று அஞ்சி வாய் திறப்பதில்லை. நெதர்லாந்து நாட்டில் 1994இல் தொடங்கிய திட்டம் ஒரு நோயாளியிலிருந்து அவரது பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் எனத் தேடிச் சென்று, இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கண்டறிந்தது. உறவினர் பெயரைச் சொல்ல மறுத்திருந்தால் அத்திட்டம் முதல் வீட்டு வாசலிலேயே நின்றிருக்கும். பெற்றோரில் ஒருவருக்கு இக்குறை உறுதியாயின், பிள்ளையைப் பத்து வயதுக்குள் பரிசோதிக்க வேண்டும் என்பது பிரித்தானிய மருத்துவ வழிகாட்டலின் அறிவுரை.