கடலெண்ணெயும் இலவம் பஞ்சும்



2017ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 28ஆம் நாள் அதிகாலையில், எண்ணூர்க் காமராசர் துறைமுகத்திற்கு அப்பால் இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிந்த எரியெண்ணெய் கரையோரத்தில் கருங்குழம்பாய்ப் படிந்தது. அதனைத் தொண்டர்களும் பணியாளரும் வாளிகளால் மொண்டெடுத்ததை நாடே கண்டது. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போதும் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, மீனவர்தம் படகுகளையும் வலைகளையும் கெடுத்தது.

நமது ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், சிந்திய எண்ணெய் காற்றாலும் நீரோட்டத்தாலும் எத்திசை செல்லும் எனக் கணித்துரைக்கின்றது. திசையை அறிந்தபின், எதைக்கொண்டு எண்ணெயை எடுப்பது?

அதற்கு இலவம் பஞ்சு ஒரு விடை. அதன் இழை உள்ளே புழையுடையது. மேலே மெழுகுப் படலம் கொண்டது. ஆதலின் நீரை விலக்கி எண்ணெயைப் பற்றும். தன் எடையைப்போல் பன்மடங்கு எண்ணெயை ஏற்கும். வேலியோரத்து எருக்கின் பஞ்சும் இவ்வியல்பினதே.

எனினும், இப்பஞ்சு மெல்லிய எண்ணெயை விரைந்து உறிஞ்சுமேயன்றி, தடித்த குழம்பினுள் எளிதில் இறங்காது. நாள் செல்லச் செல்ல எண்ணெய் கடல்நீரோடு கலந்து தடிக்கும். ஆகவே தொடக்க மணிகளிலேயே பஞ்சை இடுதல் வேண்டும். உதிரியாகத் தூவினால் அதுவே குப்பையாகும். வலைப்பைகளில் அடைத்து மிதக்கவிட்டு, எண்ணெயில் தோய்ந்தபின் தவறாது மீட்டெடுத்தல் வேண்டும்.

இலவு காத்த கிளி பழத்தை எண்ணி ஏமாந்தது. நமக்கு வேண்டுவதோ பஞ்சுதான். அதனை விபத்து நேர்ந்தபின் தேடாது, துறைமுகங்களிலும் மீனவர் ஊர்களிலும் முன்னரே சேமித்து வைத்தல் நம் கடமையாகும்.