வீட்டுத் தோட்டத்தில் பயிரை மாற்றுங்கள்



ஆடிப் பட்டத்திற்கு வீட்டுத் தோட்டத்தைக் கொத்தும் முன், சென்ற பட்டத்துக் கத்தரிச் செடி ஒன்றைத் தோண்டி எடுத்து வேரைப் பாருங்கள். வேர் முண்டும் முடிச்சுமாக இருந்தால் அது நூற்புழுவின் வேலை. செடி குன்றுவதும், வெயிலில் வாடுவதும், காய்ப்பு குறைவதும் இதனால் நேரும். விதையைக் குறை சொல்லிப் பயனில்லை.

அவரை வேரிலும் முடிச்சு உண்டே என்பீர்கள். அது காற்றிலுள்ள தழைச்சத்தைச் சேர்த்துத் தரும் நல்ல முடிச்சு. விரலால் தேய்த்தால் உதிரும்; கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும். நூற்புழு முடிச்சோ வேரே வீங்கியது; உதிராது.

முடிச்சு கண்ட பாத்தியில் கத்தரி, தக்காளி, வெண்டை உடனே வேண்டாம். வேர்களைப் பொறுக்கி எரித்துவிடுங்கள், எருக்குழியில் போடாதீர்கள். அப்பாத்தி முழுவதும் ஒரு பட்டம் செண்டுமல்லி நடுங்கள். அதன் வேர் நூற்புழுவை அடக்கும், பூவும் வீட்டுக்காகும். சித்திரை வெயிலில் மண்ணை இருமுறை கொத்திக் காயவிடுங்கள். அடுத்த நடவுக்கு முன் சென்டுக்கு 100 கிலோ மக்கிய தொழு உரமும் 1 கிலோ வேப்பம் புண்ணாக்கும் இடுங்கள்.

கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். ஒன்றின் பின் மற்றொன்றை வைப்பது மாற்றுப் பயிராகாது. ஆகவே நோயில்லாத பாத்தியிலும் கத்தரிக்குப் பின் கீரை, கீரைக்குப் பின் அவரை என மாற்றுங்கள்.

இடம் 2 சென்ட் ஆனாலும் 4 பாத்திகளாகப் பிரித்து, எதில் எது நின்றது என்று நோட்டில் குறித்து வையுங்கள்.