அடைத்தலும் திறத்தலும்

(உத்திரமேரூரில் நடைபெற்ற நம் சங்க ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



காரியக் கமிட்டியார் எமக்குக் கொடுத்த விஷயம், தொத்துநோய்க் காலத்தில் விதித்த கட்டுப்பாடுகளை எப்பொழுது தளர்த்துவது என்பதாகும். கொரோனா ஓய்ந்து ஆண்டுகள் சில ஆனபின்பு இப்பேச்சு எதற்கு என்று அங்கத்தினர் ஒருவர் ஆட்சேபித்ததாகவும் அறிந்தோம். உலக சுகாதார ஸ்தாபனத்தார் 2023 மே 5-ஆம் தேதி அவசர நிலை நீங்கிற்றென்று அறிவித்தது மெய்யே. ஆயினும் நம் சங்க விதிகளைத் திருத்துவதற்கு இவ்வாண்டு ஏற்பாடாகியிருக்கிறது. அவ்விதிகளில், ஊர் அடைபடும் காலத்தில் சங்கம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டுமென்பதற்கு ஓரெழுத்தும் இல்லை. ஆகையால் பேசுவதற்கு இதுவே சமயமென்று துணிந்தோம்.

முதற்கண் நடந்தவற்றை நினைவுகூர்வோம். தமிழ்நாட்டில் இந்நோய் முதன்முதல் கண்டறியப்பட்டது 2020 மார்ச்சு 7-ஆம் தேதி. ஓமானிலிருந்து திரும்பிய நம் காஞ்சிபுரம் ஜில்லாக்காரர் ஒருவரிடத்திலேயே அது காணப்பட்டது. மார்ச்சு 24 மாலை முதல் தமிழ்நாட்டில் தடையுத்தரவு; மறுநாள் முதல் தேசமுழுதும் 21 நாள் ஊரடங்கு. அதன்பின் ஏப்ரல் முடிய, மே முடிய என்று நீண்டுகொண்டே சென்றது. இங்கே ஒரு விந்தையைக் கவனியுங்கள். கதவை அடைத்த நாளில் தமிழ்நாடு முழுவதிலும் நோயாளிகள் இருபத்தைந்து பேருக்கு உட்பட்டே இருந்தனர். கதவைத் திறந்த நாளிலோ, அதாவது ஜில்லா விட்டு ஜில்லா செல்ல இ-பாஸ் வேண்டாமென்று கூறிய 2020 செப்டம்பர் 1-ஆம் தேதியில், நாளொன்றுக்கு ஏறக்குறைய ஆறாயிரம் பேருக்கு நோய் கண்டுகொண்டிருந்தது. இருபத்தைந்துக்கு அடைத்தவர்கள் ஆறாயிரத்துக்குத் திறந்தார்களே, இதென்ன நியாயம் என்று அக்காலத்தில் நம் திண்ணைகளில் பேசாதார் இல்லை. யாமும் பேசினோம்.

பின்னர் யோசித்துப் பார்க்குமிடத்து, அப்பேச்சு பாதியே சரியென்று தோன்றுகின்றது. அடைத்தல் நோயை ஒழிப்பதற்கன்று, அவகாசம் தேடிக்கொள்வதற்கே. அவ்வவகாசத்தில் ஆஸ்பத்திரிகளில் படுக்கை கூடிற்றா, பிராணவாயு வந்ததா, பரிசோதனைச் சாலைகள் பெருகினவா, எவருக்கு எப்படிச் சிகிச்சை செய்வதென்று வைத்தியர்கள் தெளிந்தார்களா என்பனவே கேட்க வேண்டிய கேள்விகள். ஒருநாளைக் கணக்கில் நோயாளிகள் எத்தனை பேர் என்பதை மட்டும் பார்த்துத் திறப்பதும் அடைப்பதும், ஏரியின் நீர்மட்டத்தை மாத்திரம் பார்த்து மதகைத் தூக்குவது போலாகும். நம் ஊர் நீர்க்கட்டி அவ்வாறு செய்யமாட்டார். கீழ்க்காட்டில் பயிர் எவ்வளவு வாடியிருக்கிறது, மேற்கே மேகம் எப்படியிருக்கிறது, கால்வாயில் உடைப்பு உண்டா, கடைமடைக்கு நீர் எத்தனை நாளில் சேரும் என்று நான்கும் பார்த்தே பலகையில் கை வைப்பார். வயிரமேக தடாகத்தின் கரையில் வாழ்ந்து, ஏரி வாரியமென்று ஒன்றை வைத்துக் கல்லில் எழுதிய ஊராருக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

திடீரென்று தூக்கினாலும் கேடு, திடீரென்று இறக்கினாலும் கேடு. இதற்குக் கோயம்பேடே சாட்சி. சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் 2020 ஏப்ரல் 26 முதல் 29 முடிய முழு அடைப்பு என்று இரண்டே நாள் முன்னதாக அறிவித்தார்கள். 25-ஆம் தேதி சனங்கள் கடைத்தெருக்களிலும் கோயம்பேட்டுச் சந்தையிலும் மொய்த்தனர். காய்கறி கிடைக்காதோவென்னும் பயம் நோய்ப்பயத்தை வென்றது. சந்தையில் நோய் பரவியிருந்தது தெரிந்து மே 5-ஆம் தேதி அதை மூடினர். அதற்குள் கூலியாட்களும் சிறு வியாபாரிகளும் கடலூர், விழுப்புரம், அரியலூர் முதலிய தத்தம் ஊர்களுக்குத் திரும்பிவிட்டனர். நோயும் அவர்களோடு போயிற்று. சந்தையைத் திருமழிசைக்கு மாற்றி, செப்டம்பர் கடைசியில்தான் கோயம்பேட்டை மறுபடி திறந்தார்கள். அந்தக் கூலியாட்களைக் குறைகூறுவோர் உண்டு. வேலையும் தங்குமிடமும் ஒரே நாளில் போய்விட்டால் மனிதன் சொந்த ஊருக்குப் போகாமல் வேறெங்கே போவான்?

நிற்க. நம் தாலூகாவில் அடைப்பின் வருத்தம் வேறுவிதமாக இருந்தது. செங்கற்பட்டு 2019 நவம்பர் 29-ஆம் தேதியன்று தனி ஜில்லாவாயிற்று. மதுராந்தகம் அதுவரை நம் ஜில்லா; அதன்பின் வேற்று ஜில்லா. வந்தவாசியோ முன்னமே திருவண்ணாமலையைச் சேர்ந்தது. நம்மவர்க்குப் பெண் கொடுத்த ஊரும் பெண் எடுத்த ஊரும் இம்மூன்று ஜில்லாக்களிலும் கிடக்கின்றன. 2020 ஜூன் கடைசியில் ஜில்லாவுக்கு ஜில்லா இ-பாஸ் வேண்டுமென்றபோது, ஓராண்டுகூட நிறையாத ஓர் எல்லைக்கோடு தாய்க்கும் மகளுக்கும் நடுவில் சுவர்போல் நின்றது. ஈமச் சடங்குக்கு இருபது பேர் என்பது விதி. அவ்விருபதில் ஒருவராகப் பெற்ற மகள் வரமுடியாமல் போன வீடுகளை இச்சபையில் உள்ளோர் அறிவர். ஆகஸ்டு 17 முதல் விண்ணப்பித்தோர்க்கெல்லாம் இ-பாஸ் என்றார்கள். எல்லோருக்கும் கொடுக்கும் சீட்டு எதைத் தடுக்குமென்று எமக்கு விளங்கவில்லை. ஆயினும் அது வந்தபின்பே பல வீடுகளில் துக்கம் விசாரிக்க முடிந்தது.

இவ்வருத்தத்தை எவரிடத்துச் சொல்வது? இதுதான் இன்றைக்கு யாம் முக்கியமாய்ச் சொல்ல விரும்புவது. கிராம பஞ்சாயத்துகளின் பதவிக் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. 2019 டிசம்பரில் 27 ஜில்லாக்களில் தேர்தல் நடந்தபோது, புதிதாய்ப் பிரிக்கப்பட்டதென்னும் காரணத்தால் காஞ்சிபுரம் உள்ளிட்ட 9 ஜில்லாக்கள் விடப்பட்டன. நமக்குத் தேர்தல் நடந்தது 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில். ஆகவே முதல் அலை, இரண்டாம் அலை ஆகிய இரண்டிலும் நம் கிராமங்களில் ஜனங்களால் தெரிந்தெடுக்கப்பட்ட தலைவர் ஒருவரும் இல்லை. தனி அதிகாரிகளே நிர்வகித்தனர். அவர்கள் உழைக்கவில்லையென்று கூறோம். ஆனால் எந்தத் தெருவில் கஞ்சிக்கு வழியில்லை, எந்தக் கடையைத் திறந்தால் கூட்டம் சேரும், எந்தச் சாவடியில் பத்துப் பேர் இடைவெளிவிட்டு உட்காரலாம் என்பதெல்லாம் மேலிருந்து பார்ப்பவர்க்குத் தெரியா. 2020 அக்டோபர் 2-ஆம் தேதி கூடவேண்டிய கிராம சபையும் நோயை முன்னிட்டு ரத்தாயிற்று.

அவ்வாண்டு டிசம்பர் 10-ஆம் தேதி தில்லியில் புதிய பார்லிமெண்டுக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர், நம் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் புகழ்ந்து பேசினார். நமக்கெல்லாம் பெருமையாகத்தான் இருந்தது. புகழப்பட்ட ஊரைச் சுற்றிலும் அந்நாளில் பஞ்சாயத்துத் தலைவர் நாற்காலிகள் காலியாயிருந்தன என்பதையும் சேர்த்து நினைத்துக்கொண்டோம். அக்கல்வெட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதற்பராந்தக சோழனின் 12-ஆம் ஆட்சியாண்டில் (கி.பி. 919) செய்த ஏற்பாட்டில் குறைகண்டு, 14-ஆம் ஆண்டில் (கி.பி. 921) திருத்தினர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி குடவோலையில் பெயர் எழுதப்படத் தகார். அவர்தம் நெருங்கிய உறவினரும் தகார். நிலமும் வேதக் கல்வியும் உடையார்க்கே அச்சபையில் இடமிருந்தது. நம் முன்னோர்க்கு அதில் இடமிருந்ததாவென்று கேட்டுச் சண்டையிட இது நேரமன்று. விதி செய்வதும், இரண்டாண்டில் தவறுகண்டு திருத்துவதும், அதிகாரம் செலுத்தினவன் கணக்குக் காட்டுவதும் நமக்குப் புதிதல்ல என்பதற்காகவே சொன்னோம்.

அவசரப்பட்டுத் திறந்ததனால் வந்த துன்பமும் உண்டு. 1918-ல் இன்புளூயன்சா ஜுரம் உலகெங்கும் சூறையாடியபோது, அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரத்தார் நவம்பர் 21-ஆம் தேதி முகக்கவச விதியைக் கொண்டாட்டத்தோடு நீக்கினர். ஜனவரியில் மறுபடி விதிக்க நேர்ந்தது. நாம் மட்டும் என்ன செய்தோம்? 2021 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நாளொன்றுக்கு ஐந்நூறு பேருக்கும் குறைவாகவே நோய் கண்டது. நோய் போயிற்றென்று முகக்கவசத்தை ஆணியில் மாட்டினோம். தேர்தல் கூட்டங்களும் திருவிழாக்களும் நடந்தன. நம் சங்கத்தார் ஒரு காதுகுத்துக்கு எழுநூறு இலை போட்டதையும் மறைப்பதற்கில்லை. மே 21-ஆம் தேதி ஒரே நாளில் 36,184 பேருக்கு நோய் கண்டது. மே 10 முதல் முழு ஊரடங்கு. அம்மாதத்தில் நம் சங்கத்து வீடுகளில் எத்தனை திண்ணைகள் வெறிச்சோடின என்பதை எண்ணிச் சொல்ல நா எழவில்லை.

அந்த முழு ஊரடங்கிலும் ஒருசாரார்க்கு மட்டும் கதவு திறந்தே இருந்தது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலைகளுக்கு நம் கிராமங்களிலிருந்து கம்பெனிப் பஸ் ஏறிச் செல்லும் வாலிபர்களைச் சொல்கின்றோம். தெருவில் நின்றால் போலீசார் விரட்டுவர். அதே பையன் பஸ்ஸில் தோளோடு தோள் உரசிக்கொண்டு போகலாம். இது எப்படியென்று அவர்களே கேட்டார்கள். மே கடைசி வாரத்தில் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையும் ஒரகடம் ரெனோ-நிசான் ஆலையும் சில நாள் நிறுத்தப்பட்டது, தொழிலாளர் தம் உயிர்க்காப்பைக் கேட்டு உறுதியாய் நின்றதனாலேயாம். ரெனோ-நிசான் தொழிலாளர் சங்கம் சென்னை ஹைகோர்ட்டு வரை சென்றது. திறப்பதா அடைப்பதா என்னும் வழக்கில், பஸ்ஸில் ஏறுகிறவனையும் ஒரு கட்சிக்காரனாகச் சேர்க்க வேண்டுமென்பது அன்றைக்குப் புலப்பட்டது.

இனி நம்முடைய குற்றத்துக்கு வருகின்றோம். சர்க்கார் மதுக்கடைகளை 2020 மே 7-ஆம் தேதி திறந்தனர்; மறுநாள் ஹைகோர்ட்டு மூடச்சொல்லிற்று; சுப்ரீம் கோர்ட்டு தடை கொடுத்தபின் மே 16-ல் மீண்டும் திறந்தனர். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகள் திறந்ததோ 2021 ஜனவரி 19-ல். ஒன்று முதல் எட்டு வகுப்புகள் திறந்தது அவ்வாண்டு நவம்பர் 1-ஆம் தேதி. சிறு பிள்ளைகள் ஏறத்தாழ இருபது மாதம் பள்ளியை மிதிக்கவில்லை. சாராயத்துக்கு முதலிடம், சரஸ்வதிக்குக் கடையிடம் என்று நாம் சர்க்காரை ஏசினோம். ஏசியது நியாயந்தான். ஆனால் நம் சங்கத்தில் நடந்ததென்ன?

நமக்குக் கல்யாண மண்டபம் ஒன்று. மாலைப் படிப்பகம் ஒன்று. ஐம்பது பேரை வைத்துக் கல்யாணம் நடத்தலாமென்று விதி இடங்கொடுத்தவுடன் மண்டபத்துக்கு வெள்ளையடித்தோம். வாடகை வருமானமல்லவா? படிப்பகத்தை அடைத்தே வைத்தோம். சர்க்கார் உத்தரவு தடுத்தவரையில் நம்மேல் பழியில்லை. 2021 செப்டம்பர் 1-ல் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை பள்ளிகள் திறந்துவிட்டன. அக்டோபர் 27-ல் மரக்காணத்தை அடுத்து 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பட்டு, திண்ணைகளிலும் கோயில் மண்டபங்களிலும் சிறு சிறு கூட்டமாகப் பிள்ளைகள் படித்தனர். நம் படிப்பகத்தையோ அடுத்த ஆண்டு ஜூன் வரையில் திறக்கவில்லை. காரணம் நோயன்று. ஐம்பது பேர் விதிப்படி மண்டபத்தில் மிகுந்துபோன நாற்காலிகளை அடுக்க இடமின்றி அவ்வறையில் அடுக்கியிருந்தோம்! கணக்குப் புத்தகத்தில் இது எங்கும் எழுதப்படவில்லை. சாவி எம்மிடத்திலேயே இருந்தது.

அப்படிப்பகத்தில் நாற்பது பிள்ளைகள் படித்தனர். அவர்களுள் நர்ஸு படிப்புக்குப் போவதென்று உறுதியாயிருந்த ஒரு பெண், பதினெட்டு நிறைந்த சில மாதத்தில், வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு ஐம்பது பேர் கல்யாணம் செலவு குறைவு என்னும் கணக்கில், நம் மண்டபத்திலேயே மாலை சூடினாள். யாமும் அட்சதை போட்டோம். வெளியே வரும்போது அவள் எம்மைப் பார்த்து, "ஐயா, படிப்பகம் எப்போது திறப்பீர்கள், என் தம்பி கேட்கிறான்" என்றாள். தன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

சர்க்கார் உத்தரவுக்கு நாம் கட்டுப்பட்டவர்கள், நம் கையில் என்ன இருக்கிறது என்று கமிட்டியில் சிலர் கூறுவர். உத்தரவு இது கூடாதென்று சொல்லும்; கூடுமென்பவற்றுள் எதை முதலில் செய்வதென்பதை நம்மிடமே விட்டுவிடும். 2021 ஜூனில் ஜில்லாக்களை நோயின் நிலைக்குத் தக்கபடி வகுத்துத் தளர்த்தினார்களே, அது முந்திய ஆண்டைவிட எவ்வளவோ மேலான முறை. அம்முறையை ஊரளவிலும் சங்கத்தளவிலும் கொண்டுவருவதில் தடையொன்றும் இல்லை.

ஆகவே விதித்திருத்தக் கமிட்டிக்கு யாம் எழுதிக் கொடுத்திருப்பது இது. ஊர் அடைபட்ட காலத்தில், விதிக்குட்பட்டு முதலில் திறப்பது படிப்பகமாக இருக்க வேண்டும். அதற்குப் பதினைந்து நாள் கழித்தே மண்டபம். திறப்பதையும் அடைப்பதையும் நிச்சயிக்க ஐவர் இருக்க வேண்டும். அவருள் ஒருவர் கம்பெனி வேலைக்குச் செல்பவர், ஒருவர் கூலிவேலை செய்யும் குடும்பத்துத் தாய், ஒருவர் பள்ளிப் பிள்ளையைப் பெற்றவர். மண்டபத்தை வாடகைக்கு எடுப்போர் அவ்வைவருள் இருத்தலாகாது. எந்த முடிவும் மூன்று நாள் முன்னதாகத் தெருத்தெருவாய்ச் சொல்லப்பட வேண்டும். பதினைந்து நாளைக்கொரு முறை அவர்கள் கூடி, தங்கள் முடிவால் என்ன விளைந்ததென்று எழுதிவைக்க வேண்டும். தவறிருந்தால் மாற்ற வேண்டும். எழுதாதவர் மறுமுறை அக்குழுவில் இருக்கத் தகார். ஐவர் போதாது, ஏழுபேர் வேண்டுமென்று சிலர் கருதுகின்றனர்; அதில் எமக்குப் பிடிவாதமில்லை. படிப்பகம் முந்தியதா மண்டபம் முந்தியதா என்பதில் மட்டும் விட்டுக்கொடோம்.

மண்டபத்து நாற்காலிகளில் ஒரு பகுதி இன்றும் படிப்பகத்தின் பின்னறையில்தான் இருக்கிறது. பிற்பகல் கூட்டத்துக்கு முன்பாக வாலிபச் சகோதரர்கள் பத்துப் பேர் வந்தால் அப்புறப்படுத்திவிடலாம், சாவியைக் கொண்டுவந்திருக்கின்றோம்.