வெளியாரிடம் விட்ட வேலை
(சங்கக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



ஒரு கம்பெனி தன் வேலைகளுள் ஒரு பகுதியை வேறொரு கம்பெனியிடம் விலை பேசி ஒப்படைப்பதை இக்காலத்தில் 'அவுட்சோர்சிங்' என்கின்றனர். பெயர் புதிதேயன்றி வழக்கம் புதிதன்று. கலியாண வீட்டிலே பந்தல் ஒருவர், மேளம் ஒருவர், சமையல் ஒருவர் என்று நாமும் பிரித்துக் கொடுக்கிறோம். பெண்ணின் தகப்பனாருக்குப் பந்தற்கால் நடத் தெரியாது என்பதனால் எந்தக் கலியாணமும் நின்றதில்லை. ஆயினும் வெளியாரைப் பிடிப்பதற்கும் ஒரு செலவுண்டு. ஆளைத் தேட வேண்டும், விலை பேச வேண்டும், ஒப்பந்தம் எழுத வேண்டும். இச்செலவு மிகும்போதுதான் மனிதர் வேலைகளை ஒரு கூரையின் கீழ்ச் சேர்த்துக் கம்பெனி அமைக்கின்றனர் என்று றொனால்ட் கோஸ் என்னும் பொருளியலறிஞர் 1937 இல் எழுதினார்.

இதற்கு நான் எடுத்துக்கொண்ட உதாரணம் ஆகாய விமானம். அமெரிக்காவின் போயிங் கம்பெனி 2004 இல் 787 என்னும் விமானத்தைச் செய்யத் தொடங்கிற்று. முன்னெல்லாம் பெரும்பாலும் வரைபடத்தைத் தானே வரைந்து, "இப்படிச் செய்து தா" என்று கேட்டுவந்த கம்பெனி, இம்முறை வரையும் பொறுப்பிலும் பெரும்பங்கைக் கூட்டாளிகளிடமே விட்டது. இறகு யப்பானின் நகோயாவில். உடலின் நடுப்பகுதி இத்தாலியில். பின்பகுதி தென் கரோலினாவில். இவற்றைச் சுமப்பதற்கென்றே பழைய 747 விமானங்கள் சில வயிறு பெருக்கப்பட்டன! கூட்டாளிகள் தம் பங்கிற் சிலவற்றைத் தமக்குக் கீழுள்ளோரிடம் விட்டனர்.

2007 யூலை 8 ஆம் நாள் முதல் விமானம் ஊரறியக் காட்டப்பட்டது. வெளியே பளபளப்பு, உள்ளே பெரும்பாலும் வெறுங்கூடு, பல இடங்களில் தற்காலிக ஆணிகள். 2008 மே மாதம் வாங்குவோர் கைக்குச் சேரவேண்டியது 2011 செப்ரெம்பரிலேதான் சேர்ந்தது. இடையில், பின்னுடல் செய்த தென் கரோலினாத் தொழிற்சாலையைப் போயிங்கே 2009 இல் விலைக்கு வாங்க நேர்ந்தது. வேலை வெளியே போனால் இலாபமும் கூடவே போகும், பாகங்கள் பொருந்தாத செலவு மட்டும் வீட்டிலே தங்கும் என்று அக்கம்பெனியின் பொறியியலாளர் ஹாட்-ஸ்மித் 2001 இலேயே எச்சரித்திருந்தார். 787 பின்னர் நன்றாகவே விற்பனையாயிற்று. அதையும் மறைத்தல் நேர்மையன்று.

2024 ஜனவரி 5 ஆம் நாள் நடந்தது வேறு. அலாஸ்கா எயார்லைன்ஸ் கம்பெனியின் 737 மக்ஸ் 9 விமானத்தில், தேவைப்படாத வாசலொன்றை அடைத்திருந்த பலகை நடுவானிற் பிய்த்துக்கொண்டு போயிற்று. தெய்வாதீனமாக உயிர்ச்சேதமில்லை. ஆராய்ந்தபோது, அதனைப் பிடித்திருக்க வேண்டிய நான்கு போல்ட் ஆணிகளும் பூட்டப்படவில்லை என்று தெரிந்தது. அவ்விமானத்தின் உடலைச் செய்தது ஸ்பிரிட் ஏரோசிஸ்டம்ஸ் கம்பெனி. 2005 இல் போயிங் விற்றுவிட்ட விச்சிட்டாத் தொழிற்சாலை அது. உடலிற் சில தறையாணிகள் பழுதாயிருந்தன. திருத்த வேண்டியவர்கள் ஸ்பிரிட்டின் ஆட்கள். அதற்காகப் பலகை திறக்கப்பட்டதோ போயிங்கின் தொழிற்சாலையில். திறந்ததற்கு எழுத்திற் பதிவில்லை. பதிவில்லாதபடியால், மூடியபின் ஆணி பூட்டியாயிற்றா என்று பார்ப்பாருமில்லை. இலை போட்டபின் தண்ணீர் வைப்பது பந்தல்காரர் பொறுப்பா, சமையற்காரர் பொறுப்பா என்னும் கலியாண வீட்டு வழக்கே இது. அங்கே மிஞ்சுவது தாகம் மாத்திரம். இங்கே ஏறத்தாழப் பதினையாயிரம் அடி உயரத்தில் மனிதர் இருந்தனர். ஸ்பிரிட்டைத் திரும்ப வாங்கப் போயிங் 2024 யூலையில் உடன்பட்டது. மதிப்பு 470 கோடி டொலர். 2025 டிசம்பரில் வாங்கி முடித்தது.

நாமோ வேலையை வெளியே விடுவோர் அல்லர். அது வந்து சேரும் பக்கத்தில் இருப்போர். 1978 இல் கட்டுநாயக்கா வர்த்தக வலயம் திறந்தது முதல், மேலைநாட்டார் வெளியே விட்ட தையலே இந்நாட்டில் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிக்கின்றது. ஆதலால் இம்முறையை முற்றாகப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. நகோயாவில் இறகு செய்தவர்கள் பணத்தோடு இறகு செய்யும் வித்தையையும் பெற்றனர். நம்மவர் வெட்டித் தந்த துணியைத் தைத்துக் கூலி வாங்குவதோடு நிற்கின்றனரா? ஆடையைத் தாமே வடிவமைத்து விற்கும் கம்பெனிகளும் இலங்கையில் உண்டு. அத்தகைய இடங்களில் வேலை பார்க்கும் சங்கத்தார் எவரேனும் இருப்பின், அங்கே வரைதல் எவ்வளவு, தையல் எவ்வளவு என்பதை அடுத்த கூட்டத்தில் எடுத்துரைக்குமாறு வேண்டுகிறேன்.